உதவி தேவை: மணல்ல முன் வீல் அலையுது, ஏத்தத்துல வண்டி பின்னாடி சறுக்குது

செம்புழுதி

ஆஃப்ரோடு, அதாவது ரோடில்லாத மண், கல் பாதையில பைக் ஓட்டப் பழகுறதுக்காகவே போட்ட டூர். பாதி வழி மிச்சம் இருக்கு, அதுக்குள்ள இதைச் சரி பண்ணியாகணும். வண்டி லக்கேஜ் இல்லாம 200 கிலோ பக்கம். முன் வீல் 21 இன்ச், பின் வீல் 18, ரெண்டும் ஸ்போக், டியூப் டயர். காற்று தார் ரோட்டு அளவுதான்: முன்னாடி 29 பிஎஸ்ஐ, பின்னாடி 33. ரெண்டு பக்கமும் பை. கூடாரம், டூல்ஸ், தண்ணி எல்லாம் டாப் பாக்ஸ்ல.

மணல் வந்தா முன் வீல் இப்படியும் அப்படியும் இழுக்குது, ஸ்பீடைக் குறைச்சா இன்னும் மோசம். நின்னு ஓட்டினா கொஞ்ச நேரத்துல முன்கை இறுகி விரல் மரத்துப் போகுது. ஏத்தத்துல என்ஜின் நின்னுட்டா, முன் பிரேக்கைப் பிடிச்சும் வண்டி பின்னாடி சறுக்கிச் சாயுது. சரளை இறக்கத்துல பின் பிரேக் மிதிச்சா ஏபிஎஸ் (வீல் பூட்டாம தடுக்கிற அமைப்பு) டகடகன்னு அடிக்குதே தவிர வேகம் குறையல. டயரை மாத்தணுமா, சஸ்பென்ஷனா, ஓட்டுற விதமா?

வால்வு

டயரை மாத்த வேணாம். முதல்ல டாப் பாக்ஸைக் காலி பண்ணுங்க. பின் ஆக்சிலுக்கும் பின்னாடி, அதுவும் உயரத்துல ஏத்துற எடை பின் ஸ்பிரிங்கை அமுக்கி முன் வீலை லேசாக்கிடும். லேசான முன் வீலுக்கு மண்ணுல பிடிமானம் கிடையாது. உங்க மணல் பிரச்சினையில பெரும்பங்கு இதுதான்னு நினைக்கிறேன். தண்ணியும் டூல்ஸும் பக்கவாட்டுப் பைகளோட அடியில, முடிஞ்ச வரை முன்பக்கமா வைங்க. மேல தூங்குற பை, துணி மாதிரி லேசான சாமான் மட்டும்.

அடுத்தது பின் ப்ரீலோடு, அதாவது பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வெச்சிருக்குங்கிற அளவு. பின் வீல் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆக்சில்லேர்ந்து அதுக்கு நேர் மேல இருக்கிற ஏதாவது ஒரு போல்ட் வரைக்கும் அளந்துக்கங்க. அப்புறம் லக்கேஜ் ஏத்தி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு நீங்க உட்கார, இன்னொருத்தர் அதே இடத்தை அளக்கணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் சஸ்பென்ஷனோட மொத்த அசைவுல 30 சதவீதம் பக்கம் வரணும். அசைவு 200 மி.மீ.ன்னா 60 மி.மீ. அதைவிட அதிகமா அமுங்கினா ப்ரீலோடை ஏத்துங்க.

மேட்டுநிலம்

காற்றை இறக்குங்க. மணல்னா 15 பிஎஸ்ஐ வரைக்கும் போகலாம். டயர் அகண்டு மேலயே மிதக்கும்.

வால்வு

@மேட்டுநிலம், முழுக்க மணல், லேசான வண்டின்னா சரி. இவருக்கு வழியில கல்லும் இருக்கு, லக்கேஜும் இருக்கு, உள்ள டியூப். 15-ல ஒரு கூரான கல்லை இடிச்சா டயர் ரிம் வரைக்கும் அமுங்கி, டியூப் நடுவுல நசுங்கி, பக்கத்துல பக்கத்துல ரெண்டு கீறல் விழும். ரிம்மும் நெளியும்.

செம்புழுதி, முன் 22, பின் 24 வைங்க. டயர் சூடாகுறதுக்கு முன்னாடி அளந்த கணக்கு இது. இன்னொண்ணு: ரிம் லாக் (டயரை ரிம்மோட அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப்) இல்லாம காற்றைக் குறைச்சா, பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மை விட்டு நழுவி டியூபையும் சேர்த்து இழுக்கும். வால்வு தண்டு நேரா நிக்காம ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா அதுதான் அடையாளம். அப்படியே ஓட்டினா தண்டு அடியோட பிய்ஞ்சிடும், ஒட்டுப் போடவும் வழியில்லை. வால்வு நட்டை ரிம்மோட இறுக்காம மேல மூடி வரைக்கும் ஏத்தி விடுங்க. அப்பதான் சாயுறது கண்ணுக்குத் தெரியும்.

கியர்ரெண்டு

கை மரத்துப் போறதுக்குக் காரணம், உடம்போட எடையை ஹேண்டில்பார் தாங்குது. வண்டியை நிமிர்த்தி நிறுத்தி ஃபுட்பெக் மேல ஏறி நில்லுங்க. பாதத்தோட முன்பகுதி பெக்ல, முழங்கால் லேசா மடங்கி டேங்கை ஒட்டி, இடுப்பு கொஞ்சம் பின்னாடி. இப்ப ரெண்டு கையையும் விடுங்க. முன்னாடி விழுறீங்கன்னா நிக்கிற விதம் தப்பு. விழாம நின்னீங்கன்னா அதுதான் சரியான இடம், கை சும்மா தொட்டுக்கிட்டு இருந்தாப் போதும்.

பாரை எட்டிப் பிடிக்கக் குனிய வேண்டியிருந்தா கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி பாரை முன்னாடி, மேல திருப்புங்க. பத்தலைன்னா பாரை உயர்த்த அடியில வைக்கிற 20 அல்லது 30 மி.மீ. ரைசர் போடுங்க. இறுக்கின பிறகு ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடாம இருக்கான்னு பாருங்க. கிளட்ச், பிரேக் லீவரைக் கீழ்ப்பக்கமா திருப்பி வைங்க, நிக்கும்போது மணிக்கட்டு மடங்கக் கூடாது. லீவரை பாரோட பிடிச்சு வைக்கிற பெர்ச்சை ரொம்ப முறுக்கவும் வேணாம். கையால பலமா திருகினா நகர்ற அளவுல இருந்தா, வண்டி விழுந்தாலும் லீவர் உடையாம சுத்திக்கும். பெக் மேல இருக்கிற ரப்பரைக் கழட்டிடுங்க, ஈர பூட்ஸ் வழுக்கும்.

மணலுக்கு வர்றேன். நீங்க ஆக்சிலேட்டரைச் சட்டுனு மூடும்போது எடை முன்னாடி பாய்ஞ்சு முன் வீல் மண்ணைத் தோண்டுது. ஸ்பீடு குறைஞ்சா மோசமாகுறது அதனாலதான். மணலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியர்ல எழுந்து நின்னு, இடுப்பைப் பின்னாடி தள்ளி, ஆக்சிலேட்டரை ஒரே சீரா திறந்து வைங்க. முன் வீல் அலையத்தான் செய்யும், அலைய விடுங்க. அதை அடக்கப் போய்தான் கை இறுகுது. திருப்பணும்னா அந்தப் பக்கத்து பெக்கை மிதிங்க. கண் வீலுக்கு முன்னாடி இல்ல, 20-30 மீட்டர் தள்ளி. நிறுத்தும்போது முன் பிரேக்கைத் தொடாம ஆக்சிலேட்டரை மெதுவா மூடினாலே மணல் வண்டியை நிறுத்திடும்.

மலைப்பாதை

ஏத்தத்துல எடை முழுக்க பின் வீல்ல. முன் வீல் பூட்டினாலும் பிடிமானம் இல்லாம வழுக்கிக்கிட்டே வரும். அதனால என்ஜின் நின்ன அந்த நொடியில கிளட்சைப் பிடிக்காதீங்க. கியர் விழுந்திருந்தா என்ஜினே பின் வீலைப் பிடிச்சு வைக்கும். வண்டியை மேட்டுப் பக்கமா லேசா சாய்ச்சு அந்தப் பக்கம் காலை ஊன்றுங்க. பள்ளத்துப் பக்கம் காலுக்குத் தரை எட்டாது, சாய்றது அங்கதான்.

மறுபடி கிளப்ப முடியாத செங்குத்துன்னா என்ஜின் அணைஞ்சே இருக்கட்டும், முதல் கியர்ல. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, கிளட்சை ஒரு நொடி பிடிச்சு விட்டு, பிடிச்சு விட்டு, ஹேண்டிலை ஒடிச்சு வண்டியை ஒரு அடி ஒரு அடியா பின்னாடி இறக்குங்க. வண்டி சரிவுக்குக் குறுக்கா வந்ததும் முன் வீலைக் கீழ்ப்பக்கம் திருப்பி இறங்கிடலாம். இதைச் சின்ன மேட்டுல, லக்கேஜ் இறக்கி வெச்சுப் பழகுங்க.

இறக்கத்துக்கு: முதல் கியர், கிளட்சை முழுசா விட்டுடணும், என்ஜினே இழுத்துப் பிடிக்கும். முன் பிரேக் ஒரு விரல்ல. ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்குற வரை லேசா, அமுங்கின பிறகு அழுத்தம் கூட்டலாம். பின் ஏபிஎஸ்ஸை அணைக்கிற வசதி இருந்தா அணைங்க. பூட்டின வீல் முன்னாடி சரளை குவிஞ்சு வேகத்தைக் கொல்லும், ஏபிஎஸ் அதை நடக்க விடாது. பழகுற காலத்துல முன் ஏபிஎஸ் இருக்கட்டும்.

செம்புழுதி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லக்கேஜை மாத்தி, காற்றைக் குறைச்சதுமே மணல்ல நல்ல வித்தியாசம். லீவரைத் திருப்பினதுல விரல் மரக்கிறதும் குறைஞ்சிடுச்சு. மலைப்பாதை அண்ணா, பின் ஏபிஎஸ் ஆஃப் பண்ணினேன், ஆனா அடுத்த இறக்கத்துல மறுபடி அடிக்குது. சுவிட்ச் கோளாறா?

மலைப்பாதை

கோளாறா இருக்காது தம்பி. நிறைய வண்டிகள்ல சாவியை ஆஃப் பண்ணினா ஏபிஎஸ் தானா பழைய நிலைக்கு வந்துடும். இறக்கத்துக்கு முன்னாடி டாஷ்ல விளக்கைப் பார்க்கிறதைப் பழக்கமாக்கிக்கங்க. நிக்கும்போது சாவிக்குப் பதிலா ஹேண்டில்ல இருக்கிற கில் சுவிட்ச்ல என்ஜினை அணைச்சா சில மாடல்கள்ல அமைப்பு அப்படியே இருக்கும், உங்க வண்டியில செஞ்சு பாருங்க. ஆனா சாவி ஆன்லயே கிடந்தா பேட்டரி இறங்கும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

வால்வு

தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி காற்றை 29, 33-க்கு ஏத்திடுங்க. 22-ல வேகமா போனா டயர் சூடேறி டியூபும் போகும், வளைவுல வண்டியும் மிதக்கும். அப்படியே ஸ்பேனரால ஒவ்வொரு ஸ்போக்கையும் லேசா தட்டிக்கிட்டே வாங்க. இறுகினது கிண்ணுனு கேக்கும். மந்தமா சத்தம் வர்றதை கால் சுத்து இறுக்கி மறுபடி தட்டிப் பாருங்க. ஒரே இடத்துல நாலஞ்சு தளர்ந்திருந்தா மேற்கொண்டு இறுக்காம வீலைச் சுத்தவிட்டு, ரிம் நெளிஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க.