முதுகலையில் பண்பாட்டுச் சமூகவியலைத் தேர்ந்தெடுக்கலாமா?

தென்கரை மாணவி (கேள்வி):

வணக்கம். நான் இளங்கலைத் தமிழிலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ நூலில் தாலியையும் மஞ்சளையும் பற்றிய கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, அன்றாடம் புழங்கும் பொருள்களை வைத்தே ஒரு சமூகத்தைப் படிக்க முடியும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஆகவே முதுகலையில் சமூகவியல் சேர்ந்து, அதிலும் பண்பாட்டுச் சமூகவியலில் கவனம் செலுத்தலாம் என்று நினைக்கிறேன். தமிழிலக்கியம் படித்தவளால் அதை எட்டிப் பிடிக்க முடியுமா? இது நாட்டார் வழக்காற்றியலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? வேலை என்ன கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் வேறொரு கல்லூரியின் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்தபோது, என் உச்சரிப்பைக் கேட்டு முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அதிலிருந்து ஒரு தயக்கம் இருக்கிறது.

வகுப்பறை வாசல்:

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தச் சிரிப்பே பண்பாட்டுச் சமூகவியலுக்கு உரிய ஆய்வுப்பொருள்தான். பிரான்சின் தென்மேற்கில் ஒரு சிற்றூர் அஞ்சல்காரரின் மகனாக 1930-இல் பிறந்த சமூகவியலாளர் பியர் பூர்தியே, சக சமூகவியலாளர் பஸ்ரோனுடன் சேர்ந்து 1964-இல் வெளியிட்ட நூலில், பல்கலைக்கழகம் யாருக்கும் கற்றுத்தராத பேச்சுப் பாங்கையும் புத்தகப் பழக்கத்தையும் சில மாணவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள் என்பதையும், பல்கலைக்கழகமோ அதை அவர்களுடைய பிறவித் திறமை என்று மதிப்பிட்டுவிடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். பண்பாட்டு மூலதனம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

இத்துறையில் பண்பாடு என்பது பழம்பெருமைகளின் தொகுப்பு அன்று. ஒன்றை அழகு என்றும் மற்றொன்றை மலிவு என்றும் மனிதர்கள் தரம் பிரிக்கும்போது, அந்த அளவுகோல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. பூர்தியே 1963-லும் 1967–68-லும் 1,217 பேரிடம் வினாத்தாள் கொடுத்து, கடலில் சூரியன் மறைவதையும் முட்டைக்கோசுகளையும் மரப்பட்டையையும் படமெடுத்தால் எது அழகாக வரும் என்று கேட்டார். படிப்புக் குறைந்தவர்கள் பெரும்பாலும் சூரியனைச் சொன்னார்கள். முட்டைக்கோசும் அழகாகலாம் என்று சொல்லும் துணிவு படிப்பு ஏற ஏறக் கூடியது. நம்முடைய ரசனை என்று நாம் நினைப்பதில் எவ்வளவு பங்கு நம்முடையது என்று அதைப் படித்த பிறகு ஐயம் வந்துவிடும்.

வழக்காற்றியல் கதையையும் சடங்கையும் அவற்றுக்குள்ளிருந்து நுணுக்கமாகப் படிக்கும். சமூகவியல் அதையே எடுத்துக்கொண்டு, யார் செய்கிறார்கள், யார் கைவிட்டார்கள், யார் வெட்கப்படுகிறார்கள் என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை, தொ.ப.வே அதற்குச் சான்று.

செண்டைச் சத்தம்:

மேலே எழுதியவருடன் ஓரிடத்தில் உடன்பட மாட்டேன். பூர்தியேவின் பிரான்சில் அளவுகோலின் அடியில் இருந்தது வர்க்கம். இங்கே சாதியை அடித்தளமாக வைக்காமல் ஒரு பத்திகூட எழுத முடியாது. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் குடகு மக்களைப் பற்றி 1952-இல் எழுதிய நூலிலிருந்து ‘சமஸ்கிருதமயமாதல்’ என்ற கருத்து பரவியது என்றால், அது உணவையும் சடங்கையும் மாற்றிக்கொண்டு மேலேற முயலும் சாதிகளைப் பற்றியது. தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் ஆய்வு செய்து 1965-இல் நூல் வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேயும், தாம் அக்கிரகாரத்தில் தங்கியது மற்றத் தெருக்களோடு பழகுவதை எப்படிப் பாதித்தது என்று மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆய்வாளர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார் என்பதும் தரவுதான்.

என் முதுகலை ஆய்வேட்டுக்காக, நாதஸ்வரமும் தவிலும் இருந்த இடத்துக்கு ஏன் செண்டை மேளம் வந்தது என்று கல்யாண மண்டபங்களில் கேட்டுக்கொண்டு திரிந்தேன். வினாத்தாளில் எழுதிய பதில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: “கிராண்டா இருக்கும்.” மூன்று வாரம் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு முகூர்த்தத்தன்று, கேள்வி கேட்பதை விட்டுவிட்டு மண்டப வாசலில் நின்றேன். செண்டைக்காரர்களைச் சுற்றி இளைஞர்கள் கைபேசியில் படமெடுக்க, நாதஸ்வரக்காரர் உள்ளே மணவறைக்குப் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். தாலி கட்டும் நேரத்தில் “கெட்டிமேளம்” என்ற குரல் எழுந்தபோது, அந்த வீட்டார் தவில்காரரைத்தான் திரும்பிப் பார்த்தார்களே தவிர, வாசலில் இருந்தவர்களை அல்ல. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரவில்லை. ஒன்று ஊர் பார்ப்பதற்கு, மற்றொன்று சடங்குக்கு என்று வேலை பிரிந்திருந்தது. என் தலைப்பே தவறு என்று அன்றுதான் தெரிந்தது.

தாமிரபரணி:

வேலையைப் பற்றி மட்டும் சுருக்கமாக. ஆசிரியப் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வுதான் (யுஜிசி நெட்) வழி. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் நெட் வினாத்தாள், மொழிப்பாடங்களைத் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், ஆங்கில வாசிப்பை இன்றிலிருந்தே பழக வேண்டும். உச்சரிப்பு இதற்குத் தேவையில்லை, படித்துப் புரிந்துகொள்வது போதும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப்பாடமாக எடுத்துத் தமிழிலேயே விடை எழுதலாம். வீட்டில் சொல்ல இது உதவும். இவை தவிர, கள ஆய்வு நடத்தத் தெரிந்தவர்களைத் தொண்டு நிறுவனங்களும் சந்தை ஆய்வு நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. சம்பளம் பெரிதாக இருக்காது.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பல இடங்களில் பண்பாட்டுச் சமூகவியல் ஒரேயொரு விருப்பத்தாள்தான். அதைக் கையிலெடுப்பதற்கு முன் சமூகவியலின் முன்னோடிகளான மார்க்ஸ், துர்கேம், வெபர் மூவரையும், கூடவே புள்ளியியலையும் கடக்க வேண்டியிருக்கும்.

தென்கரை மாணவி:

மூவருக்கும் நன்றி. புள்ளியியல் என்றதும் கொஞ்சம் பயந்துவிட்டேன், மறைக்கவில்லை. எங்கள் தெருவில் சடங்கு வீட்டுக்கு வைக்கும் ஃப்ளெக்ஸில் யார் படம் எந்த அளவில் வருகிறது என்று அச்சகத்துக்காரரிடம் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எத்தனை ஃப்ளெக்ஸ் பார்த்தால் போதும்?

செண்டைச் சத்தம்:

எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேலைநாள் முழுவதும் அந்த அச்சகத்தில் உட்காருங்கள். ‘மாமா படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்’ என்று யார் வந்து சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.