கலிஃபோர்னியாவோட ஓக்லண்ட் ஏஸ் பேஸ்பால் டீம் ஊரைக் காலி பண்ண கதை: நேர்ல பார்த்தவங்க வாங்க, எழுதுங்க

ஃப்ரீமாண்ட்வாசி:
"கூட்டமே வரல, அதான் டீம் போயிடுச்சு"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. கூட்டம் ஏன் வரலன்னு யாராச்சும் கேக்கணும்ல?

நான் பேஸ்பால் கத்துக்கிட்டதே அவங்க ஸ்டேடியம் ஓக்லண்ட் கொலிசியம்லதான். ஃப்ரீமாண்ட்ல பார்ட் ட்ரெயின் ஏறினா நேரா அங்க இறங்கலாம், ஒரு பாலம் தாண்டினா கேட் வந்துடும், அந்தப் பாலத்துல வரிசையா ஹாட் டாக் விப்பாங்க, நான் சைவம், வாசனையோட சரி. நாலு பால் தப்பா போட்டா பேட்ஸ்மேன் ஏன் அடிக்காமலே நடந்து போறான்னு பக்கத்து சீட் பெரியவர் பொறுமையா சொல்லிக் குடுத்தார். ரைட் ஃபீல்ட் பக்கம் மேட்ச் முழுக்க டிரம் அடிச்சுட்டே இருப்பாங்க, கோயில் கொடை மாதிரி ஒரே களேபரம். ஸ்டேடியம் பழசு, ஒழுகும், நாறும், எல்லாம் உண்மைதான். ஆனா டீம் நல்லா ஆடுச்சுங்க. 2018, 2019 ரெண்டு வருஷமும் 97 ஜெயிப்பு. அப்புறம் 2022 மார்ச்ல மேட் ஓல்சன், மேட் சாப்மன்னு நல்ல பிளேயர் ரெண்டு பேரையும் வேற டீமுக்குத் தள்ளிவிட்டாங்க, அந்த வருஷக் கடைசில ஷான் மர்ஃபியையும். 2022ல 102 தோல்வி, 2023ல 112. இருந்த நல்ல ஆளையெல்லாம் அனுப்பிட்டு காலி சீட்டைக் காட்டினா எப்படி?

இன்னொன்னு, 2006ல இந்த டீம் எங்க ஃப்ரீமாண்ட்டுக்கே வர்றதா இருந்துச்சு, சிஸ்கோ பேர்ல ஸ்டேடியம், சுத்தி வீடு, கடைன்னு பிளான். ட்ராஃபிக், பார்க்கிங்னு எதிர்ப்பு கிளம்பி 2009 பிப்ரவரில கைவிட்டாங்க. அடுத்து சான் ஹோசே, ஆனா அந்த ஏரியா உரிமை சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் டீம் கைல, சான் ஹோசே சிட்டி கேஸ் போட்டும் 2015ல சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கல. கடைசியா ஓக்லண்ட் துறைமுகத்துல ஹோவர்ட் டெர்மினல்னாங்க, அதுவும் ஆகல. 2023 நவம்பர்ல லீக்ல உள்ள 30 டீம் ஓனர்களும் சேர்ந்து, டீம் லாஸ் வேகஸுக்குப் போகலாம்னு ஓட்டுப் போட்டாச்சு.

மில்பிடாஸ்மாமி:
நான் 2023 ஜூன் 13 மேட்சுக்குப் போயிருந்தேன். அதான், ரிவர்ஸ் பாய்காட்னு ரசிகர்களே ஏற்பாடு பண்ணாங்களே, வராம இருந்து எதிர்ப்பு காட்டாம ஒரு நாள் ரொப்பிக் காட்டுவோம்னு. வாசல்ல பச்சை டி-ஷர்ட் சும்மா கொடுத்தா, முன்னாடி இங்கிலீஷ்ல 'செல்'னு எழுதியிருந்தது, டீமை வித்துட்டுப் போன்னு ஓனர் ஜான் ஃபிஷருக்கு சொல்றாளாம். பையன் ரெண்டு வாங்கிண்டான். செவ்வாய்க்கிழமை ராத்திரி, லீக்லயே மட்டமான டீம், எதிர்ல நல்லா ஆடிண்டிருந்த டாம்பா பே, அன்னிக்கு 27,000 பேருக்கு மேல! அஞ்சாவது இன்னிங்ஸ்ல ஸ்டேடியமே பேச்சு மூச்சில்லாம இருந்துட்டு அப்புறம் கத்தினா பாருங்கோ, காது அடைச்சுடுத்து. 2-1 ஜெயிச்சது வேற, தொடர்ந்து ஏழாவது ஜெயிப்பு. ஆத்துக்கு வந்து போனைப் பார்த்தா, அதே நாள் வேகஸ் இருக்கற நெவாடா மாநில செனட்ல புது ஸ்டேடியத்துக்குப் பணம் கொடுக்கற மசோதா பாஸாயிடுத்து. ரெண்டு நாள்ல கவர்னர் கையெழுத்து, 38 கோடி டாலர் ஜனங்க பணம். எனக்கு அதுதான் ஆறவேயில்லை.

மொன்றியல்அண்ணை:
உங்கட கதையை வாசிக்க எனக்கு எங்கட பழைய மொன்றியல் பேஸ்பால் டீம் எக்ஸ்போஸ்தான் ஞாபகம் வருது. நாங்கள் கனடாவுக்கு வந்த புதுசில கோட்-டெ-நேஜ் பக்கம் இருந்தனாங்கள், வேலை இல்லாத நாளில மெட்ரோ எடுத்து ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போறது. 1994இல் அவங்கள்தான் முழு லீக்கிலயும் முன்னுக்கு, 74 வெற்றி 40 தோல்வி. ஆகஸ்ட் 12இல் வீரர்கள் ஸ்ட்ரைக், சீசனே நிண்டு போச்சு, லீக் சாம்பியனை முடிவு செய்யிற உலகத் தொடரே நடக்கேல்ல. அடுத்த வருசம் நல்ல ஆக்கள் கனபேர் வேற டீமுக்கு. பிறகு ஓனரும் இல்லாமல் 2002இல் லீக்கே டீமை வேண்டினது. 2003, 2004இல் வருசத்துக்கு இருபதுக்கு மேல சொந்த மேட்சைக் கொண்டுபோய் போர்ட்டோ ரிக்கோவில ஆடினவை, எங்கட ஊர் டீம் எங்கட ஊரில இல்லை! மொன்றியலில கடைசி மேட்ச் 2004 செப்டம்பர் 29, 31,000 சனத்துக்கு மேல, 9-1 எண்டு தோல்வி. வொஷிங்டனுக்குப் போய் 2019இல் உலகத் தொடர் வெண்டிட்டினம். நான் பார்க்கேல்ல, மனம் வரேல்ல. இப்ப என்ர மகனின்ர சிநேகிதப் பெடியள் எல்லாம் எக்ஸ்போஸ் தொப்பியோட திரியுறாங்கள், ஒருத்தனும் ஒரு மேட்சும் பார்த்ததில்லை.

சாக்ரமெண்டோதம்பி:
எல்லாரும் அடிக்க வராதீங்க, வேகஸ் ஸ்டேடியம் ரெடியாகுற வரைக்கும் டீம் எங்க சாக்ரமெண்டோல ஆடுறதுல எனக்கு சந்தோஷம்தான். சட்டர் ஹெல்த் பார்க் மைனர் லீக் கிரவுண்ட், 14,000 பேர்தான், ரைட் ஃபீல்ட் பக்கம் புல்லுல துணி விரிச்சு உக்காந்து குழந்தைங்களோட மேட்ச் பாக்கலாம், பெரிய லீக் பிளேயர் அவ்வளவு கிட்டத்துல எங்க கிடைக்கும்? 2025 மார்ச் 31 முதல் மேட்ச், சிகாகோ கப்ஸ் டீம் கிட்ட 18-3 உதை, அதுக்கும் கை தட்டினோம். ஆனா எங்க ஊர் பேரை டீம் வச்சுக்கல, வெறும் அத்லெடிக்ஸ், ஏஸோட முழுப் பேர் அதான். ஜெர்ஸி ஒரு கைல எங்க பாலம், இன்னொரு கைல வேகஸ் பேட்ச். எங்க வீட்ல குடியிருந்துட்டு அடுத்த வீட்டு அட்ரஸை சட்டைல ஒட்டிக்கிறது என்ன நியாயம் ப்ரோ? டீம் பிளேயர் நிக் கர்ட்ஸ் அடிக்கறதைப் பாத்தா மறந்துடறேன், அது வேற.

வேகஸ்ராஜா:
எங்க பக்கம் அவ்ளோ சூடு இல்லைங்க. ட்ராபிகானா ஹோட்டலை 2024 அக்டோபர்ல வெடி வச்சு இடிச்சப்போ நடுராத்திரி போய்ப் பாத்தோம், ட்ரோன், பட்டாசுன்னு செம ஷோ. அந்த இடத்துலதான் ஸ்டேடியம், 9 ஏக்கர், 33,000 சீட், 2028ல திறக்கணுமாம். ஹாக்கி டீம் இங்கயே பிறந்தது, அது நம்மளதுன்னு ஒரு ஒட்டுதல் இருக்கு. ஓக்லண்ட்லேர்ந்து வந்த அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ரெய்டர்ஸ் மேட்ச்ல பாதிப் பேர் வெளியூர்க்காரங்க போலதான் தெரியும், இதுவும் அப்படித்தான் ஆகும்னு நினைக்கிறேன்.

ஃப்ரீமாண்ட்வாசி:
@வேகஸ்ராஜா அதைத்தான் நானும் சொல்றேன். கூடைப்பந்து டீம் வாரியர்ஸ் 2019ல சான் ஃப்ரான்சிஸ்கோ, ரெய்டர்ஸ் 2020ல உங்க ஊர், இப்ப இது, அஞ்சு வருஷத்துல ஓக்லண்ட்ல மூணு டீமும் காலி. 2024 செப்டம்பர் 26 கொலிசியம் கடைசி மேட்ச்ல 46,889 பேர் இருந்தோம், டெக்சஸை 3-2 ஜெயிச்சோம், ஏஸோட பழைய ஸ்டார் ரிக்கி ஹெண்டர்சன் சம்பிரதாயத்துக்கு முதல் பந்து போட வந்தப்போ ஒருத்தரும் உக்காரல. இவங்கதான் வராத கூட்டமாம்! நான் இப்ப ஓக்லண்ட் பாலர்ஸ் மேட்சுக்குப் போறேன், சின்ன லீக், ரைமொண்டி பார்க், அதே டிரம், அதே ஆளுங்க பாதிப் பேர்.

சாக்ரமெண்டோதம்பி:
அண்ணா கோவப்படாதீங்க, ஒரு தடவை இங்க வாங்க, டிக்கெட் நான் எடுக்கறேன். ஏப்ரல்ல வாங்க, ஜூலைல வேணாம், பகல் மேட்சுன்னா வெந்துடுவீங்க.

ஃப்ரீமாண்ட்வாசி:
வர்றேன். பச்சை 'செல்' டி-ஷர்ட் போட்டுட்டுதான் வருவேன், கேட்ல தடுத்தா நீதான் பேசணும்.