புதுப்பிப்பு: பலாத்தூள் (பலாமரம் அறுத்த தூள்) மஞ்சள் சாயம் ஏன் பாசிநிறம் அடிக்கிறது?

முந்தின பதிவில் 100 கிராம் பருத்தி நூலுக்கு மஞ்சள் சாயம் ஏற்றக் கடுக்காய்ப்பொடி 20 கிராம், படிகாரம் 20 கிராம், பலாத்தூள் 200 கிராம் என்று சொல்லியிருந்தேன். அளவில் மாற்றமில்லை. மஞ்சள் மங்கிப்போகிறதே என்று கேட்டவர்களுக்கு: கோளாறு தண்ணீரில். கிணற்று நீரில் இரும்பு இருந்தால் கடுக்காயோடு சேர்ந்து கறுத்து, மஞ்சளைப் பாசிநிறமாக்கும். மழைத்தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே! இரும்புச் சட்டியும் ஆகாது, எவர்சில்வர் போதும்.

மார்த்தாண்டம் பக்கம் மர மில்லில் வாங்கினால், வைரம் பாய்ந்த கட்டையின் மஞ்சள் தூளாகப் பார்த்து வாங்குங்கள். வெளிறிய தூளில் சாயம் இறங்காது. துணியில் முடிந்து ராத்திரி ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தூளை நேரே கொட்டினால் நூலில் சிக்கி, பின்னும்போது விரலைக் குத்தும்.

திட்டுத்திட்டாக வந்ததா? நூல் கழியை (சுற்றி எடுத்த நூல்கட்டை) இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். நாலு இடத்தில், எட்டு வடிவில், தளர்வாகக் கட்டுங்கள்.