பழைய ஓக் தரையில் கருங்கறை, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை

கேள்வி:
வணக்கம். வீட்டில் பழைய ஓக் பலகைத் தரையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். பழைய வார்னிஷ் முழுவதையும் எடுத்தாகிவிட்டது. உப்புத்தாளில் சொரசொரப்பான 40-ஆம் நம்பரில் தொடங்கி, 60, 80 என்று நைஸான தாள் வரை வந்திருக்கிறேன். அறை முழுக்க மரம் தேன் நிறத்தில் தெளிந்துவிட்டது. ஜன்னல் ஓரம் மட்டும் மை கொட்டினாற்போல் கறுப்பு. ஆணித் தலைகளைச் சுற்றியும் கருவளையங்கள். அந்த இடத்தை மட்டும் மறுபடி 40-இல் தேய்த்தால் போகுமா?

பதில்:
தயவுசெய்து இனி தேய்க்காதீர்கள். கறை ஆழமாக இறங்கியிருக்கும். அது போவதற்குள் அந்த இடம் பள்ளமாகி, பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று தெரியும். பலகைகளை ஒன்றோடொன்று கோக்கிற நாக்கு, காடிக்கு மேலே இருக்கிற மரத்தைத்தான் தேய்க்க முடியும். அது மெலிந்துபோனால் ஓரங்கள் சிம்பு சிம்பாகப் பெயரும்.

இது அழுக்கே இல்லை. ஓக்கில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரத்தில் அது இரும்போடு சேர்ந்து இப்படிக் கறுக்கும். ஆணியைச் சுற்றி வளையம் விழுந்திருப்பதும் அதனால்தான். ஆக்சாலிக் அமிலம் இந்தக் கறையை எடுக்கும். பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் ஊற்றிக் கரையுங்கள், உலோகப் பாத்திரம் வேண்டாம். கறைமேல் மட்டும் தடவினால் அந்த இடம் வெளுத்துத் திட்டாக நிற்கும். பலகை முழுவதும் தடவி, ஊறவிட்டு, சுத்தமான தண்ணீரில் பலமுறை துடைத்தெடுங்கள். அது விஷம்: கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இன்னொரு பதில்:
அதற்கு முன்னால் ஒன்று. ஜன்னல் வழியாக இன்னும் தண்ணீர் இறங்குகிறதா? பலகையின் குறுக்கே ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். ஓரங்கள் தூக்கி நடுவில் இடைவெளி தெரிந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் சமப்படுத்தினால், காய்ந்த பிறகு நடு மேடாகிவிடும்.

கேட்டவர்:
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், இடைவெளி இல்லை. ஜன்னல் சட்டத்தை முன்பே மாற்றிவிட்டோம். அமிலம் தடவியதில் ஆணி வளையங்கள் முழுசாகப் போய்விட்டன, பெரிய கறை பழுப்பாக மங்கியிருக்கிறது. ஆனால் மர ரேகை எழும்பிச் சொரசொரவென்று இருக்கிறது.

பதில்:
நல்ல செய்தி! தண்ணீர் பட்டால் நார் எழும்பத்தான் செய்யும். நன்றாகக் காயட்டும். காய்ந்த அமிலம் வெள்ளைப் பொடியாக மிச்சமிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் தூசி மூச்சில் போகவே கூடாது. அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு தரை முழுவதையும் 120-இல் லேசாக ஓட்டுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பார்த்தால் மெஷினின் சுழிக்கோடுகள் தெரியும். அவை போன பிறகே பூச்சு.

பழுப்பு மிச்சம் இன்னொரு முறை தடவினால் குறையலாம். அசையவே இல்லையென்றால் அது பூனை, நாய்ச் சிறுநீராக இருக்கலாம். அதற்குப் பலகையை மாற்றுவதுதான் சரி, அல்லது தரை முழுவதற்கும் அடர் நிறம் ஏற்ற வேண்டும்.

கேட்டவர்:
சரி, இன்னொரு முறை தடவுகிறேன். மேல்பூச்சுக்குப் பாலியூரித்தேன் வார்னிஷ் அடிக்கப்போகிறேன். நீர் சார்ந்ததா, எண்ணெய் சார்ந்ததா, எது?

பதில்:
இந்தத் தேன் நிறம் பிடித்திருந்தால் நீர் சார்ந்தது; எண்ணெய் சார்ந்தது போகப்போக மஞ்சளடிக்கும். எண்ணெய்ப் பூச்சு என்றால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.