மறு: பயோசெக்யூரிட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். வெளியிலிருந்து விதை, எலி, கிருமி போன்றவை ஓர் இடத்துக்குள் நுழையாமல் தடுப்பதுதான் பயோசெக்யூரிட்டி. அதற்கான தமிழ்ச் சொல் பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> 'உயிர்க்காப்பு' சுருக்கமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக எதற்கு?

சுருக்கம் சரிதான் அக்கா. ஆனால் நான் மொழிபெயர்க்கும் கட்டுரை முழுக்கக் கப்பலில் நடக்கிறது. அங்கே 'உயிர்க்காப்புச் சோதனை' என்று எழுதினால் படிப்பவருக்கு மிதவைச் சட்டைதான் நினைவுக்கு வரும். தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் இறங்கப்போகும் பயணிகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கப்பலின் கூடத்தில் உட்கார்ந்து, ஜாக்கெட்டின் வெல்க்ரோ பட்டையை விரித்து, அதில் சிக்கிய புல்விதைகளை ஊக்கால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கிறார்கள், சட்டைப்பை மடிப்பையும் தோள்பையின் மூலையையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுகிறார்கள், பூட்ஸின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் முக்குகிறார்கள். அப்புறம் தீவின் அலுவலர்கள் வந்து பூட்ஸைத் திருப்பிப் பார்ப்பார்கள். விதையோ மண்ணோ கண்ணில் பட்டால் திரும்பக் கழுவ வேண்டியதுதான். இதில் பயணியின் உயிருக்கு எந்த ஆபத்தும் கிடையாது, தீவுக்குத்தான்.

> 'உயிரியல் பாதுகாப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

உள்ளது. ஆனால் ஆய்வகத்திலிருந்து கிருமி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும் பயோசேஃப்டிக்கும் அதே சொல்லைத்தானே போடுகிறோம்? அது வெளியே போவதைத் தடுப்பது, இது உள்ளே வருவதைத் தடுப்பது. கோழிப்பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்த பிறகே உள்ளே விடுகிறார்களே, அதற்கும் பயோசெக்யூரிட்டி என்றுதான் பெயர், அதுவும் உள்ளே வருவதைத் தடுக்கிற வேலைதான்.

அதனால் என் பரிந்துரை: அயலுயிர்த் தடுப்பு.

எதைத் தடுக்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் எலி. சீல் வேட்டைக்கும் திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களில் எலிகளும் வந்து இறங்கின. அந்தத் தீவிலும் அதை ஒட்டிய குட்டித் தீவுகளிலும் மட்டுமே வாழும் நெட்டைக்காலி என்ற சிறு பறவை ஒன்று இருக்கிறது, தரையில் புல்லுக்குள் கூடு கட்டும். முட்டையையும் குஞ்சையும் எலி தின்றுதீர்க்க, எலி போய்ச்சேராத இடங்களில் மட்டும் அது ஒண்டிக்கொண்டிருந்தது. 2011 தொடங்கி 2015 வரை மூன்று கட்டமாக ஹெலிகாப்டரில் நஞ்சிரை தூவினார்கள், 2018-இல்தான் எலி ஒழிந்தது என்று அறிவிக்க முடிந்தது. நெட்டைக்காலி திரும்பிவந்து பாடுகிறது. ஒரு கப்பல் கயிற்றில் சினை எலி ஒன்று இறங்கினால் போதும், அத்தனையும் வீண். ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்தில், தெற்கு ஜார்ஜியா போகும் கப்பலுக்குள் நாயை விட்டு எலி இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கவைப்பது இதற்காகத்தான்.

> அயல் என்றால் வெளிநாடு. உள்ளூர் விதையை இடம் மாற்றுவதற்கு இந்தச் சொல் பொருந்தாதே?

நல்ல கேள்வி. இதில் இரண்டு நாள் தடுமாறினேன். அக்கேனா என்று ஒரு செடி அந்தத் தீவில் இயல்பாகவே வளர்வது. நம் நாயுருவி வேட்டியில் ஒட்டுவதுபோல அதன் விதை காலுறையில் அப்பிக்கொள்ளும். ஒரு விரிகுடாவில் ஒட்டியதை அடுத்த விரிகுடாவில் உதிர்க்கக் கூடாது, ஆகவே ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கழுவுகிறார்கள். 2023-இல் பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து தரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைக் கீழே வைக்காதே என்பதும் சேர்ந்துகொண்டது, ஒரு கரையின் எச்சம் அடுத்த கரைக்குப் போய்விடக் கூடாதே. அப்புறம்தான் உறைத்தது, நம் மொழியில் அயல் என்றால் பக்கத்து வீடும்தான். அயல்வீடு, அயலார் என்கிறோமே, அங்கே வெளிநாடு எங்கிருந்து வந்தது? கடல் தாண்டி வந்த எலி, பக்கத்துக் கரையிலிருந்து வந்த விதை, இரண்டுக்கும் இது பொருந்துகிறது. வைரஸ் உயிரா என்று யாராவது கேட்பீர்கள், நுண்ணுயிர் என்று அதையும் சேர்த்துத்தானே எல்லாரும் சொல்கிறோம், அந்த அளவு தளர்வு இங்கேயும் இருக்கட்டும்.

'தடை' என்று முடித்தால் சட்டம்போல ஒலிக்கிறது, 'தடுப்பு' கையால் செய்யும் வேலையைக் காட்டுகிறது. அலுவலருக்கு அயலுயிர்த் தடுப்பு அலுவலர். பூட்ஸ் பார்க்கும் இடத்தில் மட்டும் 'அயலுயிர்ச் சோதனை' என்று சுருக்கியிருக்கிறேன், அது உறுத்தினால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அன்புடன்