எல்லாப் பிள்ளைகளும் ஒரே மலையை வரைகிறார்கள்: தொடக்க வகுப்புகளில் ஓவியப் பாடவேளையை எப்படி நடத்துவது?

முந்திரித்தோப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் என் பொறுப்பில் ஒரே அறையில் நடக்கின்றன. மொத்தம் 27 பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை ஓவியத்துக்கும் கைவேலைக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன். என் சிக்கலும் அந்தப் பாடவேளையில்தான் இருக்கிறது.

விரும்பியதை வரையுங்கள் என்று தாளைக் கொடுத்தால், 27 தாளிலும் ஒரே படம் திரும்பி வருகிறது. இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நான்கு பறவைகள். எங்கள் ஊரைச் சுற்றி முந்திரித் தோப்பும் தைலமரக் காடும் ஒரு கண்மாயும் இருக்கின்றனவே தவிர மலையும் இல்லை, ஆறும் இல்லை. தொகுப்பு வீட்டில் வசிக்கும் பிள்ளைகூட ஓட்டு வீட்டைத்தான் வரைகிறாள். ஏன் என்று கேட்டதற்கு, "படம்னா இப்படித்தான் டீச்சர் இருக்கும்" என்றாள்.

இதில் என் பங்கும் உண்டு. தொடக்கத்தில் நானே கரும்பலகையில் மயிலையும் பூந்தொட்டியையும் வரைந்து, பார்த்து வரையச் சொல்லி வந்தேன். நான் முறையாக ஓவியம் பயின்றவள் அல்லள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்கூட, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் படித்தால்தான் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எங்களைப் போன்ற தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளில் இப்போது தொடக்க வகுப்புகளும் சேர்க்கப்பட்டுவிட்டன. அதற்குத் தயார் செய்வதாகச் சொல்லிக்கொண்டு நன்றாக வரையும் இரண்டு பேரையே கவனிப்பதும், மற்ற 25 பேர் வேடிக்கை பார்ப்பதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கையிருப்பில் பாதி உடைந்த மெழுகு வண்ணக் குச்சிகளும் வெள்ளைத் தாள்களும் உள்ளன. செலவு அதிகம் இல்லாமல், ஒரே அறையில் மூன்று வகுப்பையும் வைத்துக்கொண்டு செய்யக்கூடியவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்கட்டி எழுதியது:

வணக்கம் அம்மா. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொல்லும் அந்த மலைப் படத்தை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். நானே சிறுவயதில் வரைந்திருக்கிறேன். அது பிள்ளையின் படமன்று, தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்ற உறுதியோடு பிள்ளை நம்மிடம் நீட்டும் படம்.

"விரும்பியதை வரை" என்பது பெரியவர்களையே திகைக்க வைக்கும் கட்டளை. ஆகவே கேள்வியைக் குறுக்குங்கள். நேற்று மழை பிடித்துக்கொண்டபோது நீ எங்கே நின்றாய், உன் கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டுத் தாளைக் கொடுத்தால், அதில் மலைக்கு இடமே இருக்காது. வீட்டு ஆடு குட்டி போட்ட நாள், ரேஷன் கடை வரிசை, பல் விழுந்த கதை என்று பிள்ளை தன் உடம்பால் அறிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். வரைவதற்கு முன் பத்து நிமிடமாவது அதைப் பற்றிப் பேச விடுங்கள். பேசாமல் வரையத் தொடங்கிய வகுப்பில் எனக்கு ஒருநாளும் நல்ல படம் கிடைத்ததில்லை.

வரைந்து கொண்டுவரும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள், புரியவில்லை போலிருக்கிறது என்று பிள்ளை சுருங்கிப் போவான். "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டு, அவன் சொல்லும் வாக்கியத்தை அவன் சொல்லிலேயே படத்தின் அடியில் எழுதிக் கொடுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு அதைவிடச் சிறந்த வாசிப்புப் பாடம் கிடையாது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் ஆக்கங்களை வைக்கும் மூலையான படைப்புக் களத்துக்கும் அது பயன்படும்.

அளவைத் திருத்தாமல் இருப்பது இன்னொன்று. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்டு, பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை வயதுவாரியாக ஆராய்ந்து 1947இல் வெளியிட்டார். ஏறத்தாழ ஏழு முதல் ஒன்பது வயது வரை, பிள்ளை கண்ணால் காண்பதைவிட மனத்தால் அறிந்ததையே வரைகிறது என்பது அவர் கண்டது. வீட்டின் சுவரைத் தாண்டி உள்ளே தூங்கும் பாட்டி தெரிவதும், வயிற்றுக்குள் கன்றுக்குட்டியோடு பசு நிற்பதும், முக்கியமான ஆள் மரத்தைவிடப் பெரிதாக இருப்பதும் அந்தப் பருவத்தின் இயல்பு. அதைப் பிழை என்று சிவப்பு மையால் திருத்தினால், அடுத்த வாரம் பிள்ளை மலைக்குத் திரும்பிவிடும்.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்தை நினைத்துப் பாருங்கள். நீர் மீனை மறைப்பதில்லை. தாமரைத் தண்டும் இலையும் மீனும் பறவையும் யானையும் பூப்பறிக்கும் மனிதரும் ஒரே தளத்தில் பரவி நிற்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சமணக் குகையில் தேர்ந்த ஓவியர்கள் செய்ததைத்தான் நம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கண்மாயை வரையும்போது செய்கிறது. முடிந்தால் ஒருநாள் அழைத்துச் சென்று காட்டுங்கள். வண்ணம் பெரிதும் மங்கியிருப்பதால், போவதற்கு முன் நல்ல ஒளிப்படம் ஒன்றைப் பெரிதாகக் காட்டிவிடுவது நல்லது.

ஈர்க்குத்தூரிகை எழுதியது:

நான் நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். ஐயா கருத்தைச் சொல்லிவிட்டார். நான் பொருள்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காய்கறி அச்சு மூன்று வகுப்பும் சேர்ந்து செய்யக்கூடியது. சத்துணவுக் கூடத்தில் முற்றல் என்று ஒதுக்கும் வெண்டைக்காயைக் கேட்டு வாங்குங்கள். நல்ல காயை வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை. குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ கிடைக்கும். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கட்டம் கட்டமாகக் காற்றறைகள் இருக்கும். அது மீன் வலையைப் போலப் பதியும். வெட்டிய முகத்தை நேராக வண்ணக் கரைசலில் தோய்க்காதீர்கள். வடிவம் அடைத்துக்கொண்டு வெறும் கறையாகிவிடும். பழைய துணியை நான்காக மடித்துத் தட்டில் வைத்து, அதில் வண்ணத்தை ஊறவைத்து, அதன்மேல் அழுத்தி எடுத்துப் பதிக்க வேண்டும். முதல் பதிவு எப்போதும் குழம்பலாகவே வரும் என்பதால், ஒரு பழைய நாளிதழில் ஒருமுறை பதித்துவிட்டுத் தாளுக்கு வரச் சொல்லுங்கள்.

வண்ணத்துக்குக் கடைக்குப் போக வேண்டாம். மஞ்சள் தூளை நீரில் கரைத்துத் தாள் முழுவதும் பூசி உலரவிட்டு, சலவைச் சோப்பைக் கரைத்த நீரில் ஈர்க்கைத் தொட்டு வரைந்தால் சிவப்புக் கோடு எழும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினைதான். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே பிள்ளைகளிடம் சோப்பு நீரையே கொடுங்கள், அதிலும் கண்ணைக் கசக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்த நீல நீரில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதாவாகவும், பிறகு இளஞ்சிவப்பாகவும் மாறும். பச்சைக்குக் கோவை இலை போதும். அந்தக் காலத்தில் கரும்பலகைக்குக் கரியோடு ஊமத்தை இலையை அரைத்துப் பூசினார்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஊமத்தை நச்சுச் செடி. பிள்ளைகளைப் பறித்துவரச் சொல்லாதீர்கள். இந்த வண்ணங்கள் வெயிலில் சில வாரங்களில் வெளுத்துவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் சுவரில் ஒட்டிய படம் மங்கும்போது அழுகை வரும்.

களிமண்ணைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனி, ஆடியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது மண்ணைக் கொண்டுவந்து, இரவு முழுவதும் ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, சிறிது மெல்லிய மணல் சேர்த்துப் பிசையுங்கள். மணல் சேர்க்காவிட்டால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். யானைக்குக் காலைத் தனியாகச் செய்து ஒட்டும்போது, ஒட்டும் இரு பக்கத்தையும் ஈர்க்கால் கீறி, குழைந்த சேற்றைத் தடவி அழுத்தினால்தான் நிற்கும். வெறும் நீர் தொட்டு ஒட்டிய கால் மறுநாள் கழன்று கிடக்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்த வேண்டும். உங்கள் பக்கத்து ஐயனார் கோயில் மண்குதிரைகளின் உள்ளே ஏன் வெற்றிடம் இருக்கிறது என்று அப்போது கேளுங்கள். கட்டி மண்ணாக இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் சூளையில் வெடிக்கச் செய்துவிடும் என்பது, தன் யானை வெடித்ததைப் பார்த்த பிள்ளைக்கு எளிதில் விளங்கும். மண்குதிரை செய்யும் வேளார் யாராவது அருகில் இருந்தால் ஒருமணி நேரம் அழைத்து வாருங்கள். அவர் கை நகர்வதைப் பார்த்துப் பிள்ளைகள் கற்பதை நானோ நீங்களோ சொல்லிக் கொடுக்க முடியாது.

சீருடையில் கறை படுகிறது என்று பெற்றோர் சொல்வார்கள். அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வரச் சொல்லிவிடுங்கள்.

ஊடுபுள்ளி எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் பார்த்து வரைவதையே குற்றம்போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. நம் வீடுகளில் கோலம் எப்படிக் கற்றோம்? அம்மாவோ அத்தையோ போடுவதைப் பார்த்து, அப்படியே போட்டு, புள்ளி தவறி, அந்தத் தவற்றை மறைக்க ஒரு சுழியைக் கூட்டி, அதிலிருந்து புதிதாக ஒன்று வந்தது. நகல் எடுப்பது தொடக்கமாக இருக்கலாம். அதிலேயே நின்றுவிடுவதுதான் குறை.

எனவே மூன்றாம் வகுப்புக்குப் புள்ளிக் கோலம் கொடுங்கள். ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்தால் 25 புள்ளிகள். நேர்ப்புள்ளியில், அதாவது ஒரு வரிசைப் புள்ளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி வருமாறு, நடுவில் ஏழில் தொடங்கி இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்து வைத்தாலும் அதே 25தான் வரும். வடிவம் மட்டும் சதுரம் சாய்ந்து நிற்பதுபோல மாறிவிடும். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், நம்பமாட்டார்கள். ஊடுபுள்ளியில், அதாவது இரு புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி வருமாறு, நடுவில் ஏழு வைத்து இருபுறமும் நான்கு வரை ஒவ்வொன்றாகக் குறைத்தால் 37. முதல் வாரம் நீங்கள் போட்ட கம்பிக் கோலத்தை, அதாவது புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோலத்தை, பார்த்துப் போடட்டும். அடுத்த வாரம் அதே புள்ளிகளில் வேறு ஒன்றை அவர்களே போட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். வாசல் மண்ணில் நீர் தெளித்துப் போட்டால் தாளும் தேவையில்லை.

கோலம் பெண்பிள்ளை வேலை என்று பையன்கள் ஒதுங்குவார்கள். எங்கள் பள்ளியில் அப்படிச் சொன்னவனிடமே புள்ளி வைக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். வரிசை கோணாமல் வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்த பிறகு அவன் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

முந்திரித்தோப்பு எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்தருள்க.

மஞ்சள் ஓவியம் பெரும் வெற்றி. சிவப்புக் கோடு எழுந்தபோது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே எழுந்து வந்துவிட்டார். களிமண்ணில் முதல் முறை மணலைக் குறைவாகச் சேர்த்துவிட்டேன். 27 உருவங்களில் பாதிக்கு மேல் வெடித்தன. இரண்டாம் முறை சரியாக வந்தது. கோலத்தில் 25 புள்ளிச் செய்தியைப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, ஒரு பாட்டி பள்ளிக்கே வந்து எனக்குத் தெரியாத இரண்டு கோலங்களைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். சித்தன்னவாசலுக்கு இன்னும் போகவில்லை. வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஐயா சொன்னபடி "மழை பெய்தபோது நீ எங்கே நின்றாய்" என்று கேட்ட அன்று, கண்மாய் மதகும், டிராக்டருக்கு அடியில் ஒதுங்கிய ஆடுகளும், முந்திரி மரத்தின் கீழ் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்ட அம்மாக்களும் வந்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் மறுபடியும் மலையை வரைந்திருந்தான். எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. ஆனாலும் திருத்தாமல், அதைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அது நார்த்தாமலையாம். பங்குனியில் மாரியம்மன் தேருக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டதாம். உற்றுப் பார்த்தபோதுதான் அடிவாரத்தில் தேரும், வடமும், ஒரு பலூன்காரரும் தெரிந்தார்கள். சூரியனைக் காணோமே என்று கேட்டேன்.

"மழை பேஞ்சா எப்படி டீச்சர் சூரியன் வரும்?" என்றான்.