புள்ளியியல் முதுகலை: உள்ளூரா, வெளிநாடா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தங்கை கணிதத்தில் இளங்கலை முடிக்கிறாள். அடுத்து புள்ளியியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலை, ஆகவே கட்டணம்தான் முதல் கேள்வி. அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் நம் கைக்காசு; பிஎச்டிக்குத்தான் கட்டண விலக்கும் உதவித்தொகையும். முதுகலை இல்லாமலே நேராக விண்ணப்பிக்கலாம், சரி. ஆனால் ஐந்து வருஷம் என்றதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் யுஎஸ்எம்மும் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பக்கம். கொல்கத்தாவில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய ஐஎஸ்ஐயின் (இந்தியப் புள்ளியியல் கழகம்) எம்.ஸ்டாட் என்ற புள்ளியியல் முதுகலை மீதும் அவளுக்கு ஒரு கண்.

இவற்றில் படித்த அண்ணன், அக்கா யாராவது இருக்கிறீர்களா? ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) என்ற கணிதப் பாடத்தை அவள் எடுக்காதது பிஎச்டி விண்ணப்பத்தை எவ்வளவு பாதிக்கும்? அப்புறம், பரிந்துரைக் கடிதத்துக்குப் பாடம் நடத்திய விரிவுரையாளர் போதுமா, ஆய்வை மேற்பார்த்தவரே வேண்டுமா?